செவர்லே செம்பு எஞ்சின் (1923): எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

இது என்ன எஞ்சின்? ஏன் இதைத் தேடுகிறார்கள்?

1923 ஜனவரியில் நியூயார்க் கார் கண்காட்சியில் செவர்லே ஒரு புது காரைக் காட்டியது. அதில் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, ஹோஸ் பைப் இல்லை. எஞ்சினைக் காற்றே குளிர்விக்கும். சிலிண்டரைச் சுற்றிச் செம்பு ஃபின்கள், அதாவது சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகட்டு வரிகள். 'காப்பர் கூல்டு' என்று பெயர் வைத்தார்கள்; பட்டியலில் அது சீரிஸ் எம். சாதாரண செவர்லேயைவிடச் சுமார் 200 டாலர் கூடுதல் விலை.

அதே வருடம் ஜூன் மாதம் விற்ற கார்களையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது கம்பெனி. ஆறு மாதம்கூட முழுதாக ஓடாத கதை. முழுக் காராக இன்று பொதுவில் தெரிந்தவை இரண்டே இரண்டு. மூன்றாவது ஒன்றோ, குறைந்தது ஒரு தனி எஞ்சினோ எங்காவது கிடக்காதா என்ற ஆசை பழைய கார் பிரியர்களுக்கு இன்னும் போகவில்லை.

யாருடைய யோசனை?

சார்லஸ் கெட்டரிங். கைப்பிடியைச் சுற்றிக் காரைக் கிளப்பிய காலத்தில், 1912 காடிலாக்கில் வந்த மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் அவர் வேலைதான். அதனால் கெட்டரிங் சொன்னால் நடக்கும் என்று செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடம் நம்பியது. தலைவர் பியர் டு பான்ட் அப்படித்தான் நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு அவசரமும் இருந்தது. 1921-இல் அமெரிக்கக் கார், லாரி விற்பனையில் ஃபோர்டுக்குச் சுமார் 60 சதவீதம். செவர்லேக்கு 4 சதவீதம். ஃபோர்டின் மாடல் டி காரோடு விலையில் மோதி ஜெயிக்க முடியாது. எடை குறைவான, உறுப்புகள் குறைவான, குளிர்காலத்தில் உறையத் தண்ணீரே இல்லாத ஒரு கார் வந்தால் ஆட்டத்தையே மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. பனி கொட்டும் ஊரில் ராத்திரி தோறும் ரேடியேட்டரைக் காலி செய்துகொண்டிருந்தவனுக்கு அது பெரிய விஷயம்.

ஏன் செம்பு? இரும்பு ஃபின் போதாதா?

புல்லட் வண்டியின் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்குமே, அதே தத்துவம்தான். சூட்டைப் பரப்பி, அந்தப் பரப்பின் மேல் காற்றை ஓடவிடுவது. இரும்பைவிடச் செம்பு பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே சின்ன இடத்துக்குள் நிறையச் சூட்டை வெளியேற்றலாம். செம்புத் தகட்டை மடித்து, சிலிண்டரைச் சுற்றி வைத்து, உலையில் சூடாக்கி இரும்போடு பற்றவைத்தார்கள். முன்னால் ஒரு விசிறி.

இதில் சிக்கலான இடம் செம்பும் இரும்பும் சேரும் அந்த ஒட்டுதான். சூடேறினால் செம்பு இரும்பைவிட அதிகமாக விரியும். சூடு, ஆறல், சூடு, ஆறல் என்று மாறிக்கொண்டே இருக்கும்போது ஒட்டு விட்டுப்போகக் கூடாது. ஃபின் ஒரு மயிரிழை விலகினாலும் அந்த இடத்தில் சூடு வெளியேறாது. ஒஹையோ மாநிலத்து டேட்டனில் இருந்த கெட்டரிங்கின் ஆராய்ச்சிக்கூடம் ஒவ்வொரு சிலிண்டரையும் கவனமாகச் செய்து காட்டிவிடலாம். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அதே தரத்தில் செய்வது வேறு வேலை.

அப்புறம் ஏன் தோற்றது?

வெயிலில், மேட்டில், பாரத்தோடு ஓட்டினால் சூடு ஏறியது. சூடு ஏறினால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொண்டது. எஞ்சின் தட்டியது, இழுவை குறைந்தது. இதே ஆராய்ச்சிக்கூடத்தில்தான் அந்த நேரத்தில் இந்தத் தட்டலைக் (நாக்கிங்) குறைக்க ஈயம் கலந்த பெட்ரோலையும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. அந்தப் பெட்ரோல் முதன்முதலில் டேட்டனில் விற்பனைக்கு வந்தது 1923 பிப்ரவரியில். செம்பு எஞ்சினைக் காப்பாற்ற அது நேரத்துக்குப் பரவவில்லை. பரவியிருந்தாலும் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் எஞ்சினை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. கெட்டரிங் ஆராய்ச்சிக்கூடத்தில் வடிவமைத்தார். செய்ய வேண்டியவர்கள் செவர்லே, ஓக்லாண்டு போன்ற பிரிவுகள். அவர்களுக்கு இதில் மனசு இல்லை. சோதனையில் சரியாக ஓடவில்லை என்பார்கள் இவர்கள். நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்பார் அவர். இந்த இழுபறி இரண்டு வருடம் போனது. 1923 மே மாதம் தலைவர் பொறுப்புக்கு வந்த ஆல்ஃபிரட் ஸ்லோன், சாதாரணத் தண்ணீர் எஞ்சின் கார் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போது இதைப் பிடித்துத் தொங்கத் தயாராக இல்லை. ஜூன் 30-ஆம் தேதி கெட்டரிங் ராஜினாமா செய்வதாகவே கடிதம் எழுதினார். ஸ்லோன் சமாதானப்படுத்தினார். கெட்டரிங் 1947 வரை அங்கேதான் இருந்தார், எஞ்சின்தான் போய்விட்டது.

மொத்தம் எத்தனை செய்தார்கள்?

759 கார்கள். தேடுகிறவர் இந்த எண்ணைவிட இதன் உட்பிரிவைத்தான் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

அதில் 239 தொழிற்சாலையிலேயே உடைத்துப் போடப்பட்டன. சுமார் 500 விற்பனைப் பிரிவுக்குப் போயின. அந்த ஐந்நூறில் ஏறத்தாழ 150 கம்பெனிப் பிரதிநிதிகள் ஓட்டிய கார்கள். 300-க்குக் கொஞ்சம் மேல் டீலர்களுக்கு விற்றவை. அந்த முந்நூறிலிருந்து பொதுமக்கள் கைக்குப் போனது சுமார் நூறு.

ஆக, 759 என்று கேட்டவுடன் 'அவ்வளவு இருந்ததா, அப்போ எங்காவது கிடைக்கும்' என்று கிளம்பக் கூடாது. கம்பெனியின் நேரடிப் பிடியில் இல்லாமல், யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகைக்குள் போயிருக்கக்கூடியவை அந்த நூறுதான். அந்த நூறு பேருக்கும் காரைத் திருப்பிக் கொடு என்ற தகவல் போனது. டீலர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாம் கம்பெனியிடம் இருந்த காலகட்டம். விற்றுச் சில வாரமோ மாதமோதான் ஆகியிருந்தது. அதனால்தான் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வந்துவிட்டன.

எல்லாவற்றையும் ஈரி ஏரியில் கொட்டிவிட்டார்கள் என்கிறார்களே?

பரவலாகச் சொல்லப்படும் கதை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. காரணம் எளிது: ஒவ்வொரு எஞ்சினிலும் செம்பு இருக்கிறது. பழைய இரும்பையே எடைக்குப் போட்டுக் காசு பார்க்கும் ஊரில், செம்பைப் படகில் ஏற்றிச் செலவு செய்து தண்ணீரில் யார் போடுவார்? 239 காரை உடைத்துப் போட்டார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மற்றவையும் அதே வழியில் உலைக்குத்தான் போயிருக்கும். ஏரியில் ஆள் இறக்கித் தேடும் திட்டம் உங்களிடம் இருந்தால், அந்தப் பணத்தில் முதலில் ஆவணக் காப்பகங்களுக்குப் போய்வாருங்கள்.

அந்த இரண்டு கார்கள் எங்கே இருக்கின்றன?

ஒன்று மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில். இன்னொன்று நெவாடாவின் ரீனோ நகரில், தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகத்தில். இரண்டாவது, சூதாட்ட விடுதி அதிபர் பில் ஹாராவின் பிரம்மாண்டமான சேகரிப்பிலிருந்து வந்தது. அவர் 1978-இல் இறந்த பிறகு சேகரிப்பின் பெரும்பகுதி விற்றுப்போனது. மிஞ்சியதை வைத்து 1989-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

செவர்லேயின் கார் ஃபோர்டு வீட்டில் எப்படி? எதிராளி என்ன செய்கிறான் என்று பார்க்க ஃபோர்டு தரப்பு ஒன்றை வாங்கியதாகவும், செவர்லே திருப்பிக் கேட்டபோது கொடுக்கவில்லை என்றும் சொல்வார்கள். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் தர்க்கம் சரி: அந்த நூறு வாங்குபவர்களில் கம்பெனியின் வேண்டுகோளுக்குத் தலையாட்ட எந்தக் கட்டாயமும் இல்லாத ஆள் ஒருவர் இருந்தால் அது ஹென்றி ஃபோர்டுதான்.

காரைத் தேடுவதா, எஞ்சினைத் தேடுவதா?

எஞ்சினை. பலரும் இங்கேதான் வழி மாறுகிறார்கள்.

கார் என்பது பெரிய பொருள். பதிவெண் உண்டு, கண்ணில் படும், திருப்பிக் கேட்பார்கள். எஞ்சின் அப்படியல்ல. பெஞ்சில் மாட்டிச் சோதித்தவை, உடைத்துப் பார்க்கக் கழற்றியவை, தொழில்நுட்பப் பள்ளிக்குப் பாடம் நடத்தக் கொடுத்தவை என்று கார்க் கணக்கில் வராத வழிகள் எஞ்சினுக்கு உண்டு. 759 என்பது கார் எண்ணிக்கை. அதற்கு முன்னால் இரண்டு, மூன்று வருடம் டேட்டனில் சோதனை நடந்தது. அந்த எஞ்சின்கள் இந்தக் கணக்கில் இல்லை. சாதாரண எஞ்சின் என்றால் பண்ணையில் பம்ப் ஓட்டவும், மரம் அறுக்கவும்கூட இரண்டாம் வாழ்க்கை கிடைத்திருக்கும். அந்தக் காலத்துப் பழைய கார் எஞ்சின்கள் பல அப்படிப் பிழைத்தவைதான். புகாட்டி ராயல் என்ற காரை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தார்கள். ஆனால் அதே வகை எஞ்சினைப் பிரெஞ்சு ரயில் வண்டிகளில் மாட்டினார்கள். கார் அபூர்வமாகவே இருந்தது, எஞ்சின் அவ்வளவு அபூர்வம் ஆகவில்லை.

செம்பு எஞ்சினுக்கு எதிரி அதன் செம்பேதான். ஒரே இடத்தில் நின்று பாரம் இழுக்கும் வேலைக்கு, ஓட்டத்தில் கிடைக்கும் காற்றும் இல்லாமல், அது லாயக்குப்படாது. லாயக்குப்படாத எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் செம்பு மின்னும். அப்புறம் 1930-களின் பொருளாதார மந்தம், 1942-இல் போருக்காக நாடு முழுக்கப் பழைய உலோகம் சேகரித்தது. இந்த இரண்டையும் தாண்டியது ஒன்று இருந்தால், அது யாரோ 'இது விசேஷமானது' என்று தெரிந்தே ஒதுக்கி வைத்ததாகத்தான் இருக்கும். ஆகவே பண்ணைக் கொட்டகையைவிட, பழைய பொறியியல் கல்லூரிகளின் பொருள் அறை, ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த பொறியாளர்கள் குடும்பத்துப் பரண், அருங்காட்சியகங்களின் பட்டியலிடாத சேமிப்புக் கிடங்கு ஆகியவைதான் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள்.

கண்ணில் பட்டால் எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், நான்கு சிலிண்டரும் ஒரே கட்டியாக இருக்காது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், அதைச் சுற்றிச் செம்பு ஃபின் இருக்கும். நூறு வருடத் தூசியிலும் எண்ணெயிலும் செம்பு செம்பாகத் தெரியாது. கறுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். கத்தி முனையால் சுரண்டாதீர்கள். எண்ணெயைத் துணியால் துடைத்தாலே ஓரத்தில் நிறம் காட்டும். காந்தம் வைத்துப் பாருங்கள்: ஃபினில் ஒட்டாது, சிலிண்டரில் ஒட்டும்.

அடுத்தது அளவு, இதில் ஏமாற வழியே இல்லை. செம்பு எஞ்சினுக்குப் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) மூன்றரை அங்குலம், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) மூன்றரை அங்குலம். அதாவது இரண்டும் 89 மில்லிமீட்டருக்கு ஒரு துளி குறைவு. கொள்ளளவு 135 கன அங்குலம், சுமார் 2.2 லிட்டர். அதே வருடத்துச் சாதாரண செவர்லே சுப்பீரியரின் எஞ்சின் 171 கன அங்குலம், 2.8 லிட்டர்; அதன் ஸ்ட்ரோக் நான்கு அங்குலம். இரண்டுக்கும் வால்வு மேலேதான் என்பதால் வால்வை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெர்னியர் காலிப்பரைக் கையில் வைத்திருங்கள்.

காராகக் கிடைத்தால் முன்பக்கம் பாருங்கள். ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அதே வடிவத்தில் ஒரு முகப்பு மட்டும் இருக்கும். தண்ணீர் ஊற்றும் மூடிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் வெறும் சேஸிஸை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சாதாரண சுப்பீரியருக்கும் இதற்கும் ஒற்றுமை அதிகம்.

எதையெல்லாம் தவறாக இது என்று நினைக்கிறார்கள்?

ஃபிராங்க்ளின்தான் முதல் சந்தேக நபர். நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் நகரில் 1902 முதல் 1934 வரை காற்றுக் குளிர்ப்புக் கார்களையே செய்து, விற்று, பிழைத்த கம்பெனி அது. கெட்டரிங்குக்கு முன்பே சாதித்தவர்கள். அவர்களுடைய எஞ்சின் நிறையக் கிடைக்கும். 1920-களில் பெரும்பாலும் ஆறு சிலிண்டர். எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதைவிடப் பழைய நாக்ஸ் எஞ்சின் ஒன்று உண்டு. ஃபினுக்குப் பதில் சிலிண்டர் முழுக்கக் குச்சி குச்சியாகத் திருகி வைத்திருப்பார்கள். 'கிழட்டு முள்ளம்பன்றி' என்று அமெரிக்காவில் செல்லப்பெயர். பார்த்தால் மறக்காது, குழப்பமும் வராது.

'ஏர் கூல்டு செவர்லே' என்று இணையத்தில் தேடினால் 1960 மாடலாக வந்த கோர்வேர்தான் கொட்டும். அது அலுமினிய எஞ்சின், பின்பக்கம் இருக்கும், லட்சக்கணக்கில் செய்தது. தேடும்போது வருடத்தையும் சேர்த்தே போடுங்கள்.

ஓக்லாண்டு ஆறு சிலிண்டர் செம்பு எஞ்சினும் இருந்ததாமே?

இருந்தது. உண்மையில் அதுதான் முதலில் சந்தைக்கு வருவதாக இருந்தது. 1921 நவம்பரில் ஓக்லாண்டு பிரிவின் தலைவர் ஜார்ஜ் ஹானம், சோதனைக்கு வந்த கார் தேறவில்லை, சரிசெய்யக் குறைந்தது ஆறு மாதம் ஆகும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அதோடு அது நின்றுபோனது. விற்பனைக்கு வரவே இல்லை. செம்பு ஃபினோடு ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று உங்களுக்குக் கிடைத்து, அது ஃபிராங்க்ளினும் இல்லை என்று உறுதியானால், யாரிடமும் விலை பேசாதீர்கள். முதலில் ஒரு அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள்.

காகிதத் தடயம் எங்கே கிடைக்கும்?

ஃபிளின்ட் நகரில் கெட்டரிங் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஸ்கார்ச்பர்க் காப்பகத்தில் கெட்டரிங் தொடர்பான தாள்கள் உள்ளன. டெட்ராய்ட் பொது நூலகத்தின் தேசிய வாகன வரலாற்றுச் சேகரிப்பில் விற்பனைக் கையேடுகள், பழைய கார் பத்திரிகைகள் கிடைக்கும். காப்புரிமைப் படங்களை வீட்டில் இருந்தே பார்க்கலாம். 1920-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவின் பெயரில் பதிவான காற்றுக் குளிர்ப்புச் சிலிண்டர்களைத் தேடுங்கள். ஃபினை எப்படி மடித்தார்கள் என்பது புகைப்படத்தைவிட அந்தக் கோட்டுப் படங்களில்தான் நன்றாகப் புரியும்.

எழுதிக் கேட்கும்போது 'செம்பு எஞ்சின் பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் ஒரு வரிதான். 1923 ஏப்ரல் முதல் ஜூலை வரை டீலர்களுக்குப் போன சுற்றறிக்கைகள் இருக்கின்றனவா, எஞ்சின்களைக் கல்விக்கூடங்களுக்குக் கொடுத்ததற்குப் பதிவு உண்டா என்று குறிப்பாகக் கேளுங்கள். காப்பகத்தில் வேலை செய்பவர்களுக்குத் தேதியும் பிரிவும் கிடைத்துவிட்டால் பெட்டியைத் திறப்பது சுலபம்.

சந்தைகளில் கிடைக்குமா?

பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் ஒவ்வொரு அக்டோபரும் பழைய உதிரிபாகச் சந்தை கூடும். ஏதாவது தலைகாட்டினால் அங்கே காட்டும். பழைய செவர்லே பிரியர்களுக்கென்று 1961 முதல் அமெரிக்காவில் ஒரு கிளப் இருக்கிறது. அதன் உறுப்பினர்களின் ஞாபகசக்தி எந்தக் கணினிக்கும் சளைத்ததல்ல. முழு எஞ்சினை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஒற்றைச் சிலிண்டர், விசிறி, முகப்பு, உரிமையாளர் கையேடு என்று துண்டு துண்டாகத்தான் வரும். ஒற்றைச் சிலிண்டர் கிடைப்பதே பெரிய செய்தி.

போலி?

யாராவது செய்யலாம். செம்பு ஃபினைப் புதிதாக ஒட்டிவிடலாம். ஆனால் மூன்றரை அங்குல ஸ்ட்ரோக்குக்கு கிராங்க் ஷாஃப்ட் முதற்கொண்டு செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கு லாபம் நிற்காது.

கிடைத்துவிட்டது. ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. உங்கள் ஆவல் புரிகிறது, ஆனாலும் கூடாது. புதிதாக இருந்தபோதே சூடேறிய எஞ்சின். நூறு வருடத்தில் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒட்டு எங்கெங்கே விட்டிருக்கிறது என்பது வெளியில் தெரியாது. ஐந்து நிமிடம் ஓட்டினால் மூலப் பற்றவைப்பு கெட்டுப்போகலாம். எப்படிச் செய்தார்கள் என்பதற்கு அந்தப் பற்றவைப்புதான் சாட்சி.

மணல் அடித்துச் சுத்தம் செய்யும் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். களிம்பு பிடித்த ஃபின் அப்படியே இருக்கட்டும். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நான்கு பக்கமும், மேலிருந்தும் படம் எடுங்கள்; வார்ப்பு எண்கள் எங்கே தெரிந்தாலும் தனித்தனியாக எடுங்கள். யார் கொடுத்தார்கள், எந்த ஊர்க் கொட்டகை, அதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதை விற்பவர் வாயிலிருந்தே எழுதி வாங்குங்கள், வயதானவராக இருந்தால் அன்றைக்கே. பிறகு டியர்பார்னுக்கும் ரீனோவுக்கும் படங்களை அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் வேறு இடம் இல்லை.